குணமாக்குவோரின் மனக்காயம்

லிங்கநகரிலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குச் சென்றுவரும் எமக்கு, "இந்த மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்ற பதில் புதிதல்ல. கேட்டதும் கோபம் வருகிறது. ஆனால் அந்தத் துண்டை எழுதித் தருபவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2022இல் அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தபோது மருந்து இறக்குமதி தடைப்பட்டது. மார்ச் இறுதியில் பேராதனை வைத்தியசாலை, திகதி கொடுத்திருந்த சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், சிசுக்களின் சுவாசத்திற்கான குழாய்கள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில், ஒருமுறை பாவித்து எறிய வேண்டியவற்றைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லப்பட்டது.

இது என்ன வேதனை?

செய்ய வேண்டியது எது எனத் தெரிந்தும் அதைச் செய்யவிடாமல் தடைகள் மறிக்கும்போது எழும் துயரத்தை, 1984இல் அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேம்டன் தாதியர் பணிபற்றி எழுதுகையில் தனியாக எடுத்துக்காட்டினார். நாம் அதை 'மனச்சாட்சித் துயர்' எனலாம். களைப்பு ஓய்வெடுத்தால் தணியும். இதுவோ "நான் கைவிட்டுவிட்டேன்" என்ற குற்ற உணர்வாக உள்ளே தங்கிவிடும்.

தூக்கமின்மை, எரிச்சல், நோயாளரின் முகம் பாராது பேசுதல் என்பன இதன் அடையாளங்கள். சிலர் மரத்துப்போகிறார்கள், சிலர் நாட்டைவிட்டே செல்கிறார்கள். எஞ்சியோரின் சுமை கூடுகிறது. அதன் விளைவு எம்மையே வந்தடைகிறது. எல்லாக் கடுஞ்சொல்லுக்கும் இது சாட்டு ஆகாது. எனினும் பல கடுஞ்சொற்களுக்குப் பின்னால் இக்காயம் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

1. இல்லாத மருந்துக்காகத் தாதியை ஏசாமல், கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் கேட்போம்.

2. எம் குடும்பங்களிலுள்ள சுகாதார ஊழியர் மனம் திறந்து பேசும்போது, தீர்ப்பிடாமல் செவிகொடுப்போம்.

3. துயர் தாங்க முடியாதபோது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம் எனச் சொல்லிவைப்போம்.

நல்ல சமாரியர் காயப்பட்டவரைச் சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தபோது வெறுங்கையோடு விட்டுச் செல்லவில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். பராமரிப்பவரின் கைகள் வெறுமையாகாமல் பார்ப்பதும் இரக்கத்தின் பணியே. அது அரசின் கடமை. அதைக் கேட்டு நிற்பது எமது கடமை.