ரெண்டு சுவிட்ச், ரெண்டு கேபிள்: எந்த முறையில் இணைக்கலாம்?

ஹாஸ்டலில் ஒரு சுவிட்ச், சர்வர் ரூமில் ஒரு சுவிட்ச், நடுவில் ஒரே ஒரு ஜிகாபிட் கேபிள். ராத்திரி ஆனா திணறுது. "இன்னொரு கேபிள் போட்டா ரெண்டு ஜிகாபிட் ஆயிடும்ல?" என்று கேட்பீர்கள். ஆகாது! லூப் வந்துவிடக் கூடாதே என்று ஸ்பேனிங் ட்ரீ இரண்டாவது கேபிளை அடைத்து வைத்துவிடும். ஸ்பேனிங் ட்ரீ கண்ணுக்கு ரெண்டும் ஒரே லிங்க்காகத் தெரிய வேண்டும். அதுதான் லிங்க் அக்ரிகேஷன். சிஸ்கோ லேபில் நீங்கள் கேட்கும் ஈதர்சேனலும் இதேதான்.

சரி, எப்படிச் சேர்ப்பது? பிஏஜிபி சிஸ்கோவின் சொந்தச் சரக்கு. எதிர்முனையில் வேறு கம்பெனி சுவிட்ச் வந்தால் கதை முடிந்தது, விட்டுவிடலாம். உண்மையான போட்டி ஸ்டாட்டிக்குக்கும் எல்ஏசிபிக்கும்தான்.

ஸ்டாட்டிக்கில் ரெண்டு சுவிட்சும் பேசிக்கொள்வதே இல்லை. 'ஆன்' என்று போட்டால் உடனே வேலை செய்யும். ஆனால் நடுவில் ஒரு மீடியா கன்வர்ட்டர் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்துவிட்டது என்று வையுங்கள். பல கன்வர்ட்டர்களில் இந்தப் பக்கம் போர்ட் லைட் பச்சையாகவே எரியும். சுவிட்சும் நம்பி, செத்த கேபிளில் டேட்டாவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

எல்ஏசிபி 2000-இல் ஐஇஇஇ 802.3ஏடி என்று வந்தது, 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆனது. இதில் இரு பக்கமும் 30 நொடிக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்டுக்கொள்ளும். 90 நொடி பதில் இல்லையென்றால் அந்த கேபிள் குழுவிலிருந்து நீக்கம். ஃபாஸ்ட் ரேட் வைத்தால் 1 நொடி, 3 நொடி. ஒரு பக்கமாவது 'ஆக்டிவ்' ஆக இருக்கணும்; ரெண்டும் 'பாசிவ்' என்றால் யாரும் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

இதிலும் ஒரு ஆள் ஒரு ஃபைலை இறக்கினால் கிடைப்பது ஒரு ஜிகாபிட்தான். ஒரு உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை மாறாமல் போக, ஹாஷ் கணக்குப் போட்டு அதை ஒரே கேபிளில் அனுப்புவார்கள். பழைய சுவிட்ச் பலவற்றில் ஹாஷ் சோர்ஸ் மேக்கை மட்டும் பார்க்கும். ரவுட்டர் சர்வர் ரூம் பக்கம் இருந்தால், இன்டர்நெட்டிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் சோர்ஸ் மேக் அந்த ரவுட்டருடையதுதான். அப்போ மொத்த டவுன்லோடும் ஒரே கேபிளில்! சர்வர் ரூம் சுவிட்சில் ஹாஷை சோர்ஸ், டெஸ்டினேஷன் ஐபிக்கு மாற்றுங்கள்.

வேகம், டூப்ளெக்ஸ், விலான் எல்லாம் எல்லா போர்ட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். முடித்ததும் 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' அடித்துப் பாருங்கள். போர்ட் பக்கத்தில் 'பி' இருந்தால் சேர்ந்தாச்சு. 'ஐ' இருந்தால் அது தனியாக நிற்கிறது. எதிர்முனையில் எல்ஏசிபி ஓடுதா என்று போய்ப் பாருங்கள்.