பழுது பார்ப்பதா? புதிது வாங்குவதா?

தென்காசிக்கு ஒரு கணக்கு! சென்னைக்கு ஒரு கணக்கு!

தென்காசி மக்களுக்கு இயற்கையே ஒரு ஏ.சி. எந்திரம் வைத்துக் கொடுத்து இருக்கிறது!

அது எது தெரியுமா? ஆரியங்காவு கணவாய்!

மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே மதில்சுவர் போல நிற்கிறது. அந்த மதிலில், செங்கோட்டைக்கு மேற்கே ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் இந்தக் கணவாய். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், அந்த வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்து வரும். சாரல் விழும். குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் கொட்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தென்காசி வீடுகளில் ஏ.சி. எந்திரத்துக்கு வேலை இல்லை.

ஆனால், அதற்கு முந்திய மூன்று மாதம்? வெயில் வாட்டி எடுத்துவிடும்! அந்த நேரம் பார்த்துத்தான் எந்திரம் படுத்துக்கொள்ளும்.

"பழசைக் கட்டிக்கொண்டு அழுவது போதும். புதுசு வாங்கிவிடலாம்" என்பார் கணவர்.

"சும்மா சும்மா புதுசு வாங்கப் பணம் என்ன அருவியிலா கொட்டுகிறது? ரிப்பேர் பார்த்தால் போதாதா?" என்பார் மனைவி.

இருவரில் யார் சொல்வது சரி? அதைச் சொல்ல, முதலில் எந்திரத்துக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும்.

சளியா? இருதய நோயா?

மனிதனுக்குச் சளி பிடித்தால் கசாயம் போதும். இருதயம் நின்றால்தான் ஆபத்து. எந்திரமும் அப்படித்தான்.

ஏ.சி. எந்திரத்தின் இருதயம், கம்ப்ரசர். அது போய்விட்டால் செலவு ஆயிரக்கணக்கில் வரும். ஆனால், குளிர் வராததற்கு எல்லாம் கம்ப்ரசர்தான் காரணம் என்று நினைக்கக் கூடாது. வலையில் தூசி அடைத்து இருந்தாலும் குளிர் வராது. வலையைக் கழற்றிக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் போதும்! கெப்பாசிட்டர் என்ற சிறிய டப்பா கெட்டுப்போனாலும் எந்திரம் ஓடாது. அதை மாற்றக் கொஞ்சம் பணம்தான் ஆகும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சிலர் சொல்வார்கள். இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஏ.சி.யில் இருக்கும் கேஸ், அடுப்பு கேஸ் போல எரிந்து தீர்வது இல்லை. அடைத்த குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்து இருந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். அடுத்த கோடையில் மீண்டும் அதே செலவு!

இரண்டு ஊர், இரண்டு கணக்கு

சரி, "புது ஏ.சி. குறைந்த மின்சாரத்தில் ஓடும். அந்த மிச்சத்திலேயே விலை திரும்பிவிடும்" என்கிறார்களே, அது உண்மையா?

புது எந்திரத்துக்குச் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால், விலை திரும்புமா என்பது ஊரைப் பொறுத்தது.

பழைய எந்திரம் மணிக்கு ஒன்றரை யூனிட் தின்கிறது, புதியது ஒரு யூனிட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் 8 மணி நேரம் ஓடினால், 4 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய், புது எந்திரம் 40 ஆயிரம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

சென்னையில் ஒரு வீட்டில் ஆண்டுக்கு 240 இரவு ஏ.சி. ஓடுகிறது. மிச்சம் 960 யூனிட். அதாவது 5,760 ரூபாய். ஏறக்குறைய 7 ஆண்டில் போட்ட பணம் திரும்பும்.

தென்காசியில் மார்ச் முதல் மே வரை 90 இரவுதான் ஓடுகிறது. மிச்சம் 360 யூனிட். அதாவது 2,160 ரூபாய். பணம் திரும்ப 18 ஆண்டுக்கு மேல் ஆகும்! அதற்குள் புது எந்திரமே கிழடாகிவிடும்.

ஆகவே, சாரல் காற்று வீசும் ஊரில், சின்னக் கோளாறுக்காக ஏ.சி.யைத் தூக்கிப் போடுவது நஷ்டம். இந்த இடத்தில் மனைவி சொல்வதே சரி!

எப்போது மாற்ற வேண்டும்?

எந்திரத்துக்கு 10 வயது தாண்டிவிட்டது. கம்ப்ரசரும் போய்விட்டது. பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொடுகிறது. அப்போது கணவர் சொல்வது சரி. புதிது வாங்கலாம்.

பழைய எந்திரத்தில் "ஆர்.22" என்ற கேஸ் இருந்தால், அதையும் யோசிக்க வேண்டும். அது, சூரியனின் தீய கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது. 1987-ம் ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரீல் ஒப்பந்தப்படி, இந்த வகைக் கேஸைப் படிப்படியாக ஒழித்து வருகிறார்கள். அதனால், அந்த எந்திரத்துக்குப் பெரும் பணம் செலவழிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

எதற்கும் முதலில் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். பல கம்பெனிகள், மற்ற பாகங்களைவிடக் கம்ப்ரசருக்கு அதிக ஆண்டு வாரண்டி கொடுக்கின்றன.

விசிறியின் கதை வேறு

மின்விசிறிக்கு இந்தக் கணக்கு தலைகீழ்! ஏ.சி. மூன்று மாதம் ஓடுகிறது. விசிறியோ ஆண்டு முழுவதும் சுற்றுகிறது.

பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். இப்போது "பி.எல்.டி.சி." என்று ஒரு வகை விசிறி வந்து இருக்கிறது. அது 30 வாட் அளவிலேயே சுற்றும். தினமும் 15 மணி நேரம் சுற்றினால், ஆண்டுக்குச் சுமார் 246 யூனிட் மிச்சம். அதே 6 ரூபாய்க் கணக்கில் 1,476 ரூபாய். விசிறி 3 ஆயிரம் ரூபாய் என்றால், இரண்டே ஆண்டில் விலை திரும்பிவிடும்.

விசிறி மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் காரணம். சத்தம் போட்டால் பேரிங் தேய்ந்து இருக்கும். இவற்றை மாற்றிக்கொள்ளலாம். காயில் எரிந்துவிட்டால், மறுபடியும் சுற்றச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவதே நல்லது.

ஆனால், கட்டணமே வராத அளவு குறைவாக மின்சாரம் செலவாகும் ஏழை வீட்டில் இந்த லாபம் கிடைக்காது. அங்கே பழுது பார்த்தாலே போதும்.

வாங்கும்போது நட்சத்திரத்தைப் பாருங்கள். நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறையும். சீலிங் விசிறிக்கும் 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது.

வெந்நீரில் விளையாடாதீர்கள்!

சாரல் காலத்தில் ஏ.சி. தூங்கும். வாட்டர் ஹீட்டர் விழிக்கும்! அருவியில் குளிக்க முடியாத வயோதிகர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் வெந்நீர் வேண்டும் அல்லவா?

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டரை, திடீர் என்று ஓட விடக் கூடாது. தொட்டியில் தண்ணீர் நிரம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் சூடானால், உள்ளே இருக்கும் கம்பி கருகிவிடும்.

கம்பி கெட்டால் மாற்றலாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டாலும் மாற்றலாம். ஆனால், உள்தொட்டி துருப்பிடித்து ஒழுகினால், அதை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் அது. குழாயைத் தொடும்போது லேசாக "ஷாக்" அடித்தால்கூட, உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை யாரும் அங்கே குளிக்கக் கூடாது.

எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சு இருக்க வேண்டும். இங்கே லாப நஷ்டக் கணக்கு செல்லாது. பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால் வருமா?

கேட்க வேண்டிய கேள்விகள்

மெக்கானிக் வந்ததும், நான்கு கேள்வி கேளுங்கள்:

1. கெட்டுப்போன பாகம் எது? அதைக் கண்ணால் காட்ட முடியுமா?

2. மொத்தச் செலவு எவ்வளவு? அதை எழுதித் தர முடியுமா?

3. பழுது பார்த்த பிறகு எத்தனை மாதம் உத்தரவாதம்?

4. பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

எந்திரம் எத்தனை வயது, ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டில் சண்டைக்கு இடம் இல்லை.

இன்னொன்று: இந்தக் கணக்கைப் போட மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். புழுக்கத்தில் யோசித்தால் அவசரம்தான் மிஞ்சும். ஏ.சி.யைப் பிப்ரவரியில் பாருங்கள். ஹீட்டரை, சாரல் விழும் முன்பே பார்த்துவிடுங்கள்.