கோலத்தட்டும் டி-ஷர்ட்டும்



மார்கழிக் காலையில் துளையிட்ட கோலத்தட்டை வாசலில் வைத்து, மாவைக் கொட்டிக் கையால் தடவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துளை உள்ள இடத்தில் மாவு இறங்கும். இல்லாத இடத்தில் நின்றுவிடும். தட்டை எடுத்தால் தரையில் தாமரை மலர்ந்திருக்கும். டி-ஷர்ட்டில் படம் அச்சிடுவதும் இதே வேலைதான். தட்டுக்குப் பதில் வலைத்துணி. மாவுக்குப் பதில் வண்ணக் குழம்பு. இதைத் திரை அச்சு, அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங் என்பர்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்காக எங்கள் இல்லத்து மாணவியர் முப்பது பேரும் மஞ்சள் டி-ஷர்ட்டில் இல்லச் சின்னம் அச்சிட்டு வாங்கினோம். சம்பா நடவுச் செலவு தலைக்கு மேல் இருந்த நேரம். ஆயினும் பெற்றோர் முகம் சுளிக்காமல் பணம் தந்தனர். அணிவகுப்பில் சட்டைகள் பளிச்சென்று இருந்தன. முதல் சலவையிலேயே சின்னம் பாதி போய்விட்டது! "ஏன் போயிற்று என்று தெரிந்துகொண்டால் அந்தப் பணம் வீணாகாது" என்றார் எங்கள் கைத்தொழில் ஆசிரியையான சிஸ்டர். அப்படித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது சட்டமும் வலையும். நன்கு உலர்ந்த மரச்சட்டத்தில் பாலியெஸ்டர் வலைத்துணியைத் தளர்வின்றி இழுத்துக் கட்ட வேண்டும். முற்காலத்தில் பட்டுத்துணியைக் கட்டியதால் 'சில்க் ஸ்கிரீன்' என்ற பெயர் வந்தது. 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பருத்திச் சட்டைக்கு ஓர் அங்குலத்தில் 110 முதல் 160 இழைகள் உள்ள வலை ஏற்றது.

அடுத்தது, ஒளி பட்டால் இறுகும் பூச்சு. இதனை எமல்ஷன் என்பர். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் இதை வலையின் மேல் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். ஒளி புகும் தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும். நீரில் கழுவினால் கரைந்துபோகும். அங்கே மட்டும் வலைக்கண்கள் திறந்திருக்கும்.

வேண்டாத இடத்தை மறைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணம் ஏற்றும் இந்த உத்தி நம் மண்ணுக்குப் புதிதன்று. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாருக்காக நெய்யப்பட்ட கோடாலிக்கருப்பூர்ப் புடவைகளில், மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் காத்தனர் நம் கைவினைஞர்.

மூன்றாவது, மரக்கைப்பிடியில் ரப்பர் பட்டை பொருத்திய 'ஸ்குவீஜி'. கோலத்தட்டில் கை செய்யும் வேலையை இது செய்கிறது. சட்டையின் உள்ளே செருகுவதற்கு ஒரு வழுவழுப்பான பலகையும் வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் முதுகுப்பக்கம் ஊறிவிடும். புதுச் சட்டையை முதலில் துவைத்துக் காயவைப்பது நல்லது. எத்தனை வண்ணங்களோ அத்தனை திரைகள் வேண்டும். ஆகவே, புதிதாகப் பழகுவோருக்கு ஒரே வண்ணம் போதும்.

நான்காவது, வண்ணக் குழம்பு. இது இரு வகைப்படும். ஒன்று, நீரில் கலக்கும் 'பிக்மென்ட்'. இது திரையிலேயே காய்ந்து கண்களை அடைத்துவிடுமாதலால் விரைந்து வேலை செய்ய வேண்டும். மற்றொன்று பிளாஸ்டிசால். இது எத்தனை நாள் வைத்தாலும் தானாக உலராது.

ஐந்தாவதும் முக்கியமானதும் சூடு. பிக்மென்ட் தானாக நூலில் ஒட்டாது. அதனுடன் கலக்கும் 'பைண்டர்' என்னும் பசையே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்பசை இறுகுவதற்குச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூடு சில நிமிடங்கள் வேண்டும். பிளாஸ்டிசாலுக்குச் சுமார் 160 டிகிரி வேண்டும். நம் சித்திரை வெயிலுக்கும் இந்தச் சூடு கிடையாது! எங்கள் சட்டைகளையோ கொடியில் காயவைத்து மட்டுமே தந்திருந்தனர். குறை வண்ணத்தில் இல்லை, சூட்டில்தான் இருந்தது. பிக்மென்ட் அச்சுக்கு வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும். அச்சு நன்கு காய்ந்த பின், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, பருத்திக்குரிய சூட்டில் இடம் இடமாகச் சில நிமிடங்கள் அழுத்த வேண்டும். பாலியெஸ்டர் கலந்த சட்டையானால் இச்சூடு அதைக் கெடுத்துவிடும். கவனம் தேவை.

கடைசியாக ஒன்று. திரையைக் கழுவிய நீர் எங்கே போகிறது? நாம் அணியும் பனியன்கள் உருவாகும் திருப்பூரின் வழியே நொய்யல் ஓடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு கலந்து அந்த ஆறும் கரையோர வயல்களும் கெட்டன. கழிவை முற்றிலும் சுத்திகரிக்கும் வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நொய்யல் சென்று சேர்வது நம் காவிரியில்தான். நம் வயலுக்குப் பாயும் நீர் அது. நாம் கழுவுவது ஒரு வாளி நீர்தான் என்றாலும் வாய்க்காலில் ஊற்றலாகாது. மீந்த குழம்பை அட்டையால் வழித்துப் புட்டியில் சேர்த்து, திரையைக் கந்தல் துணியால் துடைத்த பிறகே கழுவ வேண்டும்.

இவ்வாண்டு தையல் அறையில் நாங்களே ஒரு பழைய சட்டையில் அச்சிட்டு, இஸ்திரி போட்டு, ஐந்து முறை துவைத்துப் பார்த்தோம். சின்னம் அப்படியே இருக்கிறது. வரும் விழாவுக்கு முப்பது சட்டைகளையும் நாங்களே அச்சிடப்போகிறோம். தோழியரே, நீங்களும் வெளியே அச்சிடக் கொடுத்தால், "சூடு காட்டினீர்களா?" என்று மறவாமல் கேளுங்கள். பெற்றோர் தரும் ஒவ்வொரு ரூபாயும் வியர்வையில் விளைந்தது அல்லவா?

பதினோராம் வகுப்பு மாணவி