அறுத்த மீன் துள்ளிய ஆறு

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் ஓடும் ஐயாற்று மீன்களுக்கு இரை போட்டுவிட்டுத்தான் சுவாமியைப் பார்க்கப் போவார்கள். மீனுக்கு இந்த மரியாதை கிடைத்ததற்கு ஒரு கதை உண்டு. எப்போதோ சிலர் அந்த ஆற்றில் ஒரு மீனைப் பிடித்தார்கள். துண்டு துண்டாக அறுத்தார்கள், சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மீன் முழு மீனாகித் துள்ளி ஆற்றுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து 'அறுத்த மீனைப் பொருத்திய அறப்பளீஸ்வரர்' என்று சுவாமிக்குப் பெயர். தேவாரத்தில் வைப்புத் தலமாக வரும் இந்தப் பழைய கோயிலில் இன்றைக்கும் அதிகம் பேசப்படுவது லிங்கம் அல்ல, மீன்தான்.

ஏறக்குறைய இதே அற்புதம் ரோமாபுரியில் நடந்ததாக ஒரு கிறிஸ்தவ நூல் சொல்கிறது. அதன் பெயர் 'பேதுருவின் நடபடிகள்'. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பைபிளில் இது சேர்க்கப்படவில்லை. சீமோன் என்ற மந்திரவாதி ரோமில் வித்தை காட்டி ஊரை மயக்கி வைத்திருக்கிறான். அவனை மடக்க இயேசுவின் சீடரான பேதுரு வந்து சேர்கிறார். ஒரு வீட்டு ஜன்னலில் கருவாடு தொங்குகிறது. இது நீந்தினால் நான் சொல்கிறவரை நம்புவீர்களா என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டு, அதை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார். கருவாடு நீந்துகிறது. கண்கட்டு வித்தை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நெடுநேரம் நீந்த விடுகிறார். சுற்றி நின்றவர்கள் ரொட்டியைப் பிய்த்துப் போட, மீன் அதையும் தின்கிறது. ஐயாற்றில் பொரி, ரோமில் ரொட்டி.

பேதுருவுக்கும் முந்தியது ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்காரர் அவர். பாரசீக ஆளுநன் ஒருவன், ட்ரோஜன் போரில் மாண்ட புரோட்டெசிலாஸ் என்ற வீரனின் கோயிலைக் கொள்ளையடித்துவிட்டுக் கிரேக்கர்களிடம் மாட்டிக்கொள்கிறான். அவனைக் காவல் காத்தவர்களில் ஒருவன் உப்புக்கண்டம் போட்ட மீனை நெருப்பில் வாட்ட, அது உயிர் மீனைப் போலத் துடிக்கிறது. இது உனக்கான சகுனம் இல்லை, எனக்கான சேதி என்கிறான் ஆளுநன். செத்துக் காய்ந்துபோன பிறகும் தன்னைப் பழிவாங்கும் சக்தி அந்த வீரனுக்கு உண்டு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அலெக்சாண்டர் கதைகளில் சமையல்காரன் ஒருவன் உப்பு மீனை ஓர் ஊற்றில் கழுவுகிறான். மீன் உயிர்பெற்று நழுவ, அதுதான் ஜீவ ஊற்று என்று தெரியவருகிறது. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் மூஸா நபி வழிச்சாப்பாட்டுக்குக் கொண்டுபோன மீன் கடலுக்குள் தப்பிப் போகிறது. இஸ்தான்புல்லில் ஒரு புனித ஊற்றையொட்டிய கிறிஸ்தவ ஆலயத்தில், 1453-ல் நகரம் வீழ்ந்த சேதி வந்தபோது பாதி வறுபட்ட மீன்கள் சட்டியிலிருந்து தண்ணீருக்குள் குதித்தன என்று சொல்லி இன்றும் மீன்களைக் காட்டுகிறார்கள்.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? நம்மில் பலருக்கு உடனே வருகிற கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் இதற்குப் பதில் சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. கரூர் அமராவதிப் படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன, கரூரிலிருந்து கொல்லிமலை எட்டிப்பிடிக்கிற தூரம், ஆகவே மிளகோடு மீனும் போனது என்று ஒருவர் தொடங்குவார். இல்லை, காசோடு மீன் இங்கே வந்தது என்று இன்னொருவர் முடிப்பார். காசு வந்ததற்குக் காசே சாட்சி. கதை வந்ததற்கு அப்படி ஒரு சாட்சியை யாரும் இன்னும் தோண்டி எடுக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எலும்புக்கூடு ஒன்றாக இருந்தும் ஒவ்வோர் ஊரும் மீனை வேறு வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. கொல்லிமலையில் அது இந்த ஆறு யாருடையது என்று சொல்கிறது. எனவே இங்கே மீனைத் தின்னக் கூடாது. ரோமில் அது இரண்டு அற்புதக்காரர்களுக்கு இடையிலான வழக்கில் தீர்ப்பு. ஹெரோடோட்டஸிடம் செத்தவனின் கோபம், அலெக்சாண்டரிடம் கைநழுவிய சாகாவரம். ஒப்புமையைக் கண்டதும் 'காப்பி' என்று கத்துகிறவர்கள் இந்த வேலைப் பிரிவினையைக் கவனிப்பதே இல்லை.

இந்தக் கத்தல் புதிதும் அல்ல. கி.பி. 150-ஐ ஒட்டி ரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞரே ஒப்புமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். இயேசு கன்னியிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார், இறந்து வானேறினார் என்று நாங்கள் சொன்னால் அதில் உங்களுக்கு என்ன புதுமை, ஜீயஸின் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்லாததா என்று ரோமானியர்களைக் கேட்கிறார். பிறகு தன் கட்சிக்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்: கிறிஸ்து வரப்போவது பேய்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அவை முந்திக்கொண்டு போலிக் கதைகளைப் பரப்பிவிட்டன. பரீட்சைக்கு முன்பே பார்த்து எழுதிவிட்டான் என்று பக்கத்து பெஞ்சுக்காரன் மேல் புகார் சொல்வதைப் போன்ற வாதம் இது. ஆனால் ஒப்புமையே இல்லை என்று மறைக்காத நேர்மை அவரிடம் இருந்தது.

1890-ல் ஜேம்ஸ் ஃப்ரேசரின் 'தங்கக் கிளை' வந்தது. செத்துப் பிழைக்கும் தெய்வங்கள் என்று ஒரு வகையை அவர் உருவாக்கி அதில் அடோனிஸ், அட்டிஸ், ஒசிரிஸ் எல்லாரையும் அடைத்தார். பின்னால் வந்த ஜோனதன் ஸ்மித் போன்றவர்கள் ஒவ்வொரு தெய்வமாக எடுத்துப் பார்த்தார்கள். சிலர் சாகிறார்கள், பிழைப்பதில்லை. சிலர் போகிறார்கள், சாவதில்லை. ஒசிரிஸ் பாதாளத்துக்கு அரசனாகிறாரே தவிர இந்த உலகத்துக்குத் திரும்புவதில்லை. இயேசு எந்தெந்தத் தெய்வத்தின் காப்பி என்று வாட்ஸ்ஆப்பில் ஆண்டுதோறும் டிசம்பரில் சுற்றும் பட்டியல் இந்த ஆய்வுகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதில் மித்ரா கன்னிக்குப் பிறக்கிறார். ரோமானியச் சிற்பங்களிலோ அவர் பாறையிலிருந்து எழுகிறார். அதே பட்டியலில் கிருஷ்ணனும் கன்னி மகன். தேவகிக்கு அவன் எட்டாவது பிள்ளை என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

கிருஷ்ணனிடம் உண்மையான ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. கம்சனும், மத்தேயுவின் சுவிசேஷத்தில் வரும் ஏரோது அரசனும் ஒரே காரணத்துக்காகப் பச்சைக் குழந்தைகளைக் கொல்கிறார்கள். ஆல்பிரெக்ட் வெபர் என்ற ஜெர்மானிய சம்ஸ்கிருத அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் இதை வைத்து, கிருஷ்ண ஜெயந்தியே கிறிஸ்தவத்திலிருந்து வந்தது என்று வாதிட்டார். நேர்மாறாக வாதிட்டவர்களும் உண்டு. மத்தேயுவின் கண் எகிப்தின் பக்கம் இருந்தது என்பதே என் எண்ணம். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனும், ஆற்றில் விடப்பட்டுப் பிழைத்த மோசேயும் அவருடைய யூத வாசகர்களுக்கு மனப்பாடம். புதிய மோசே வந்துவிட்டார் என்று சொல்ல அவருக்கு மதுராவின் உதவி தேவைப்படவில்லை.

கடன் வாங்கல் நடக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாள்காட்டியிலும் இடத்திலும் சடங்கிலும் அது தாராளமாக நடந்திருக்கிறது. 274-ல் அவ்ரேலியன் பேரரசன் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமில் கோயில் கட்டினான். 354-ஆம் ஆண்டின் ரோமானியத் தொகுப்பு ஒன்றில் டிசம்பர் 25 அந்தச் சூரியனின் பிறந்தநாளாகவும் கிறிஸ்துவின் பிறந்தநாளாகவும் இருக்கிறது. யார் முதலில் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 601-ல் போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன குருமாருக்கு எழுதிய கடிதத்தில் வழக்குக்கு இடமே இல்லை. கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்குங்கள் என்கிறார். மாடு வெட்டிப் பொங்கித் தின்கிற திருவிழாவையும் விட்டுவைக்கச் சொல்கிறார்.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும் கிரகோரியின் வழியில் வந்தவர் ஒருவர் உண்டு. மதுரையில் காவி கட்டி, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்த ராபர்ட் டி நொபிலி 1623-ல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். வீரமாமுனிவரின் பெரியநாயகி மாதா, கொடிமரம், தேர், மொட்டை என்று தமிழ்க் கத்தோலிக்கம் பிறகு எடுத்த வடிவமெல்லாம் நொபிலி போட்ட தடத்தில் விளைந்தது.

இதைக் கேலியாகப் பார்க்கும் நம் நண்பர்கள் மலையேறி எட்டுக்கை அம்மன் கோயில் வரை வரலாம். சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை என்பது பூதம் செய்துவைத்த பெண்ணுரு. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அழகு குலையாதது. இன்று மக்கள் அவளை எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுகிறார்கள். பாவை அம்மனானதும், ஆற்று மீன் சிவனுடைய மீனானதும் எந்தப் போப்பின் கடிதமும் இல்லாமலே நடந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்த கிறிஸ்தவம் நொபிலியின் பிள்ளை அல்ல. ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். சுரூபம், கொடிமரம், மொட்டை எதையும் சகிக்காத சபை அது. 1913-ல் திருமணமானதும் மலையேறி வாழவந்தியில் குடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பிறந்த மகன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். ஜெஸ்ஸி வைத்தியம் பார்த்தார், வீடு கட்டினார், பள்ளி நடத்தினார், போதித்தார். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் சேரவில்லை. ஊர்ப் பூசாரி எதிர்த்து நின்றார்.

1918-19 விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. பிராண்ட் தம்பதி குடிசை குடிசையாகக் கஞ்சி கொண்டுபோனார்கள். பூசாரியும் படுத்தார். பக்கத்தில் ஒட்ட ஆளில்லாத நிலையில், சாகும் முன் தன் கைக்குழந்தையை வெள்ளைக்காரத் தம்பதியிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலைமக்கள் வரத் தொடங்கினார்கள் என்று மிஷன் தரப்பு நூல்கள் எழுதுகின்றன. பூசாரியின் தரப்பை எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் ஒன்று தெரிகிறது. எந்தக் கதை பழையது, எந்தத் தெய்வம் எதைப் பார்த்து எழுதியது என்று அந்தக் குடிசைகளில் யாரும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. 1929-ல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இதே மலையில் இறந்தார். எவலின் பின்னாளில் மலைக்குத் திரும்பிவந்து, 1974-ல் 95 வயதில் மறைந்தார்.

ஜெஸ்ஸி அதிகம் போராடிய நோய்களில் ஒன்று நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சியோடு உடம்புக்குள் போய், ஓர் ஆண்டு வளர்ந்து, இரண்டு மூன்றடி நீளப் புழுவாகக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ்பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக உருட்டித்தான் எடுக்க வேண்டும். அப்பா அப்படி எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே வளர்ந்தவர் பால் பிராண்ட்.

குச்சியில் சுற்றிய புழு. கிரேக்க வைத்தியத் தெய்வம் அஸ்கிலேபியஸின் கோலில் சுற்றியிருக்கும் பாம்பு இந்தக் காட்சியிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது சில மருத்துவ வரலாற்றாசிரியர்களின் ஊகம். அஸ்கிலேபியஸ் தெய்வத்துக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன். செத்தவர்களை எழுப்பியதற்காகக் கொல்லப்பட்டவன். ஜஸ்டினின் பட்டியலில் இருக்கிறவன். பைபிளின் எண்ணாகமத்தில் பாலைவனத்து இஸ்ரவேலரைக் கடிக்கும் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களும் இந்தப் புழுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே மோசே வெண்கலச் சர்ப்பம் ஒன்றைச் செய்து கம்பத்தில் ஏற்றுகிறார், பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கவே எசேக்கியா அரசன் அதை உடைத்துப்போட்டான். யோவானின் சுவிசேஷமோ அதே பாம்பைத் திரும்ப எடுத்து, சிலுவையில் உயர்த்தப்படும் இயேசுவுக்கு முன்னடையாளமாக்குகிறது.

கொல்லிமலையின் பாப்டிஸ்ட் வைத்தியர் கையில் இருந்தது இவை எல்லாவற்றுக்கும் முந்திய வெறும் குச்சி. நரம்புச்சிலந்தி இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2000-ல் சான்று தந்த உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது அஸ்கிலேபியஸின் கோலும் பாம்பும்.