குடிநோயாளர் குழுவும் கிராமச் சபையும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றிக் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்வெட்டில் பொறித்துள்ளான். இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பணியாற்றும் ஆயர்களுக்கு வேறொரு காட்சியும் பழக்கமானதே. கணவனின் கூலிப்பணம் வீடு வந்து சேருவதில்லை. மனைவி ஆயரிடம் வந்து, "ஐயா, அவருக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்கிறாள். ஆயர் புத்தி சொல்லி ஜெபிக்கிறார். அவனும் கண்ணீரோடு பொருத்தனை செய்கிறான். சில நாட்களில் மீண்டும் குடிக்கிறான். பின்னர் வெட்கத்தினால் ஆலயத்தின் பக்கமே வருவதில்லை. இவனுக்கு நாம் காட்டத்தக்க வழி யாது?

சட்டம் மட்டும் இவனை மீட்டதில்லை. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது, 1974-இல் திரும்பவும் வந்தது, பின்னர் மறைந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் பல குடும்பங்களை அழித்தது. கள்ளக்குறிச்சியில் மாத்திரம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மதுவுக்கு அடிமையாதலை உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தியுள்ளது. ஆகவே முதலில் மருத்துவரை நாட வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். "இன்றே விட்டுவிடு" என்று நாம் பக்தியோடு வற்புறுத்துவதும் இவ்வகையில் தீங்காக முடியக்கூடும். முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் இப்பகுதியினர் அணுகத்தக்கவை.

மருத்துவம் உடலைத் தெளிவிக்கும். தெளிந்தவன் மறுபடி குடியாமல் வாழ்வதற்குத் துணை வேண்டும். அத்துணையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் குடிநோயாளர் தோழமை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் என்னும் வணிகரும் பாப் என்னும் மருத்துவரும் சந்தித்தனர். இன்னொரு குடிநோயாளியிடம் மனந்திறந்து பேசும்போது தமக்குக் குடிக்கும் வேட்கை தணிவதைப் பில் கண்டிருந்தார். அவ்விருவரின் உரையாடலே இயக்கமாக வளர்ந்தது. 1950-களில் இந்தியாவிலும் வேரூன்றியது.

குழுவைக் கண்டறிவது எவ்வாறு? மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். போதை மீட்புக்கான 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். சென்னை, புதுச்சேரி ஆகிய இடங்களிலுள்ள தோழமையினரைக் கேட்டு அண்மையிலுள்ள குழுவை அறியலாம். குடும்பத்தாருக்கென 1951-இல் தோன்றிய அல்-அனான் என்னும் தனித் தோழமையும் உண்டு. கணவன் வர மறுத்தாலும் மனைவி அதற்குச் செல்லலாம்.

கூட்டத்தில் நடப்பது எளியது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை; தேநீருக்கும் அறைக்குமாக உறுப்பினர் இயன்றதை இடுவர். ஒருவர் தம் பெயரைக் கூறி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் அனுபவத்தைச் சொல்வார். மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரை பொழிவதுமில்லை. புதியவர் பேசாமலே அமர்ந்திருக்கலாம். அங்கே கேட்டது வெளியே செல்லலாகாது. திறந்த கூட்டம் எனப்படுவதற்கு எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளருக்கே உரியது. ஒரு கூட்டத்தோடு முடிவு செய்யாமல் பலமுறை சென்று பார்ப்பது நலம்.

"அங்கே கிறிஸ்துவின் பெயர் கூறப்படுவதில்லையே" என்று சிலர் தயங்குவர். அத்தோழமை எச்சமயத்தையும் சார்ந்ததன்று என்பது உண்மை. எனினும் அதன் முதல் உறுப்பினர்கள் மலைப்பிரசங்கத்தையும் யாக்கோபின் நிருபத்தையும் ஆர்வத்தோடு வாசித்தவர்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு யாக்கோபு 5:16 நமக்கே கற்பிக்கிறது. அதை நம் சபைகளில் எத்தனை பேர் அச்சமின்றிச் செய்யக்கூடும்? விழுந்தவன் தன் விழுகையைச் சொல்ல இயலாத இடமாக ஆலயம் ஆகிவிட்டதெனில், அவன் சொல்லக்கூடிய இடத்தைப் பகைப்பது நமக்குத் தகாது.

சபை செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஆயர் திறந்த கூட்டமொன்றிற்குத் தாமே சென்று பார்த்து வரவேண்டும். இரண்டாவது, மாலைக் கூட்டம் முடிந்தபின் சிற்றூருக்குப் பேருந்து கிடைப்பது அரிதாகையால், செல்பவருக்கு வழிச்செலவும் வழித்துணையும் அளிக்கவேண்டும். மூன்றாவது, தோழமையினர் விரும்பினால் வாரம் ஒருமுறை ஓர் அறையைத் திறந்துகொடுத்து, உள்ளே யார் வந்தார் என்று கேளாதிருக்க வேண்டும்.

அருகில் குழு இல்லையெனில் சோர்வடைய வேண்டாம். குடியை விட விரும்பும் இருவர் கூடினாலே அது குழுவாகும் என்பது அத்தோழமையின் மரபு. இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தைக் குறித்த நம் ஆண்டவரின் வாக்குறுதியை (மத்தேயு 18:20) அறிந்த நமக்கு இது விளங்காததன்று. செங்கல்லும் மரமும் இன்றிக் கோயில் எழுந்த அவ்வட்டாரத்தில், கட்டடமும் நிதியும் இன்றி எழக்கூடிய இத்தோழமைக்கு நாம் தடையாகாமல் துணையாவோமாக.