டெவ்ஆப்ஸ் கற்க எங்கே தொடங்குவது?

சங்கத்திற்கு வரும் பெற்றோர் சிலர் என்னிடம், "பையன் பொறியியல் முடித்துவிட்டான், டெவ்ஆப்ஸ் படிக்க எங்கே சேர்க்கலாம், சார்?" என்று கேட்கிறார்கள். எங்கே சேர்ப்பது என்பதைவிட எதை முதலில் கற்பது என்பதே முக்கியம். பெங்களூரில் இத்துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

மென்பொருளை எழுதுவோர் ஒரு பிரிவு, அதை நிறுவி இயக்குவோர் மற்றொரு பிரிவு என்றிருந்தது பழைய ஏற்பாடு. முன்னவருக்கு மாற்றங்கள் விரைவில் வெளியாக வேண்டும். பின்னவருக்கு எதுவும் பழுதாகக் கூடாது. இந்த இழுபறியைத் தவிர்க்க, இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு, சோதனையையும் வெளியீட்டையும் இயன்றவரை தானாக நடக்கும்படி அமைப்பதே டெவ்ஆப்ஸ். 2009-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய மாநாட்டிலிருந்து இப்பெயர் பரவிற்று.

முதற்படி லினக்ஸ். கோப்புகள், அனுமதிகள், இயங்கும் நிரல்கள், பதிவேடுகள் ஆகியவற்றைக் கட்டளைகளால் கையாளப் பழக வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்று போதும், லினக்ஸ் இலவசம்.

அடுத்தது நெட்வொர்க். "இணையதளம் திறக்கவில்லை" என்று புகார் வந்தால், பெயருக்குரிய முகவரி கிடைக்கிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, நிரல் ஓடுகிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கத் தெரிய வேண்டும். நேர்முகத் தேர்வுகளில் பத்துக் கருவிகளின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் தடுமாறுவதைக் காண்கிறேன். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பயிற்சிக் கட்டணம் அங்கே வீணாகிறது.

மூன்றாவது, 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட். அதோடு பைத்தான் போன்ற ஒரு மொழி.

இவற்றுக்குப் பிறகே ஜென்கின்ஸ், டாக்கர், குபெர்னெட்டிஸ், டெர்ராஃபார்ம் எல்லாம். காரணம் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த டாக்கரின் கன்டெய்னர், லினக்ஸ் தரும் வசதிகளைக் கொண்டே நிரல்களைத் தனித்தனியே பிரித்து வைக்கிறது. 2022-இல் குபெர்னெட்டிஸ், டாக்கரை நேரடியாக இயக்குவதற்காகத் தன்னுள் வைத்திருந்த இணைப்பை நீக்கியது. பலர் பதறினர். டாக்கரில் உருவாக்கிய இமேஜ்கள் முன்போலவே ஓடும் என்பதை அடிப்படை அறிந்தோர் உடனே புரிந்துகொண்டனர்.

படிப்பது கையில் நிற்க ஒரு பயிற்சி சொல்கிறேன். சிறியதோர் இணையதளம் எழுதுங்கள். அதைக் கிட்டில் சேருங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோதனை தானாக நடக்கும்படி செய்யுங்கள். பிறகு கன்டெய்னரில் ஓட்டுங்கள். அது ஓடியதும் வேண்டுமென்றே பழுதாக்கிச் சரிசெய்யுங்கள். செய்ததை நோட்டில் எழுதி வையுங்கள். சான்றிதழைவிட அந்த நோட்டே நேர்முகத் தேர்வில் உங்களுக்குப் பேசக் கைகொடுக்கும்.

நம் சங்கத்து இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஞாயிறுதோறும் இதைப் பழகலாம். உடன் உட்கார நான் தயார்.