கடையை வேலைக்காரர்களுக்கே எழுதிக்கொடுத்த முதலாளி! தெரியுமா?

முதல் நாள் வியாபாரம் எவ்வளவு தெரியுமா? 16 ஷில்லிங் 4 பென்ஸ்! அன்றைய கணக்கில் 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. கல்லாவில் ஒரு முழுப் பவுண்டுகூடத் தேறவில்லை! ஆண்டு 1864. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அந்தத் துணிக்கடையைத் திறந்தவர் பெயர் ஜான் லூயிஸ். ஏழு வயதில் தாய் தகப்பனை இழந்து, அத்தை கையில் வளர்ந்து, துணிக்கடையில் எடுபிடியாகத் தொழில் பழகி, சாமர்செட் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டன் வந்தவர்.

இன்று அந்தப் பெயரைத் தாங்கி பிரிட்டனில் 34 பெரிய கடைகள் நிற்கின்றன. கட்டில், பட்டு, குழந்தைத் தொட்டில், தொலைக்காட்சி என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின்கீழ்! இதில் என்ன அதிசயம், பெரிய கடை எங்கும் உண்டே என்கிறீர்களா? அதிசயம் கடையில் இல்லை. அதன் உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் சுமார் 70,000 பேரும்தான் அதன் சொந்தக்காரர்கள்!

வளர்த்த அந்த அத்தையை ஜான் லூயிஸ் மறக்கவே இல்லை. அவர் பெயர் ஆன் ஸ்பீட். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக் குழைத்துத்தான் தன் மூத்த மகனுக்கு 'ஸ்பீடன்' என்று பெயர் வைத்தார். வேறெங்கும் கேள்விப்படாத பெயர்!

ஆனால் மனிதர் மகா பிடிவாதக்காரர். நிலத்தின் சொந்தக்காரரான ஹோவர்ட் டி வால்டன் பிரபுவோடு 20 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடினார். நீதிமன்ற உத்தரவுக்குப் பணிய மாட்டேன் என்று நின்றதால், 1903-ல் பிரிக்ஸ்டன் சிறையில் மூன்று வாரம் இருந்தார். அப்போது அவர் வயது 67! கடைச் சுவரிலேயே பிரபுவைத் தாக்கி அறிவிப்பு ஒட்டினார். பிரபு அவதூறு வழக்குப் போட்டார், ஜெயித்தும் விட்டார். நஷ்டஈடாக என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி!

ஸ்லோன் சதுக்கத்தில் பீட்டர் ஜோன்ஸ் என்று இன்னொரு கடை இருந்தது. அதை நடத்திவந்த பீட்டர் ஜோன்ஸ் 1905-ல் இறந்தார். பிறகு அந்தக் கடை விலைக்கு வந்தது. ஜான் லூயிஸ் வண்டி பிடிக்கவில்லை, காவலுக்கு ஆள் வைக்கவில்லை. ஆயிரம் பவுண்டு நோட்டுகள் இருபதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து காலாற நடந்தே போய் வாங்கிவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். கற்பனை செய்து பாருங்கள்! 70 வயதை நெருங்கும் கிழவர், சந்தடி மிகுந்த லண்டன் தெரு, பைக்குள் ஒரு பெரிய கடையின் விலை!

இனி மகன் கதைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கடையின் நிஜமான வரலாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்பீடன் லூயிஸ் 19 வயதில் கடைக்குள் வந்தார். 21-வது பிறந்தநாளுக்கு அப்பா தந்த பரிசு, கடையில் கால் பங்கு! பங்குதாரர் ஆயிற்றே, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். தூக்கிவாரிப்போட்டது. அப்பா, தான், தம்பி ஆஸ்வால்ட் என மூன்று பேர் எடுத்துக்கொள்ளும் தொகை, கடையில் உழைக்கும் சுமார் 300 பேரின் மொத்தச் சம்பளத்தை விடவும் அதிகம்! இது தகுமா என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. கடைசிவரை அவரை அது விடவே இல்லை.

1909-ல் குதிரையிலிருந்து விழுந்து நுரையீரலில் பலத்த அடி. இரண்டு அறுவைச் சிகிச்சைகள், மாதக்கணக்கில் படுக்கை. படுத்த படுக்கையில்தான் திட்டம் முழு உருவம் எடுத்தது. லாபத்தை உழைப்பவர்களோடு பங்கிட வேண்டும்!

1914-ல் பீட்டர் ஜோன்ஸ் கடையை மகன் கையில் ஒப்படைத்தார் அப்பா. கூடவே ஒரு நிபந்தனை: தினமும் மாலை 5 மணிவரை ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் வேலை பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்! நஷ்டத்தில் கிடந்த கடை அது. மகன் என்ன செய்தார்? ஊழியர்களின் வேலை நேரத்தைக் குறைத்தார், விடுமுறையைக் கூட்டினார், குறைகளைப் பேசக் குழுக்கள் அமைத்தார். சில ஆண்டுகளில் கடை லாபத்துக்குத் திரும்பியது! இடையில் அப்பாவோடு பெரும் மோதல். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த தன் கால் பங்கையே விட்டுக்கொடுத்து, பீட்டர் ஜோன்ஸ் கடையை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

1920-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அப்பாவின் கடை ஊழியர்கள் சுமார் 400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிழவர் இறங்கி வரவில்லை, அவர்கள் வேலையை இழந்ததுதான் மிச்சம். அதே ஆண்டு, அதே லண்டனில், மகனின் கடையில் ஊழியர்களுக்கு முதல்முறையாக லாபப் பங்கு! ஒரே குடும்பம், ஒரே தொழில், இரண்டு உலகங்கள்!

அப்பா 1928-ல் 92 வயதில் காலமானார். மறு வருடமே மகன் பேனாவை எடுத்தார். 1929-ல் முதல் அறக்கட்டளைப் பத்திரம்: கடையின் லாபம் இனி ஊழியர்களுக்கு. தன் பங்கின் மதிப்பை வட்டியில்லாமல், பல ஆண்டுத் தவணையில் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். 1950-ல் இரண்டாவது பத்திரம்: கட்டுப்பாடும் அறக்கட்டளைக்கே. அங்கே யாரையும் 'ஊழியர்' என்று அழைப்பதில்லை. 'பார்ட்னர்', கூட்டாளி! பங்குகள் எல்லாம் அறக்கட்டளை கையில் இருப்பதால் யாரும் தன் பங்கைத் தனியாக விற்றுவிட முடியாது. ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு நிறுவனத் தலைவரையே நீக்கும் அதிகாரம் உண்டு!

1918-லிருந்து அவர்களுக்கென்று 'கெஸட்' என்ற இதழ் வருகிறது. எந்த ஊழியரும் பெயர் போடாமல் அதில் கடிதம் எழுதலாம். நிர்வாகத்தை வறுத்தெடுக்கலாம்! சம்பந்தப்பட்ட மேலாளரின் பதிலும் அச்சில் வரும். மொட்டைக் கடிதத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்லும் முதலாளியை நாம் வேறெங்கே பார்த்தோம்!

நம்மூரில் தீபாவளி போனஸுக்குக் காத்திருப்பது போல அங்கே மார்ச் மாதத்துக்குக் காத்திருப்பார்கள். லாபப் பங்கு அறிவிக்கும் மாதம் அது. கடைநிலை ஊழியர் முதல் தலைவர் வரை சம்பளத்தில் ஒரே சதவீதம்தான். 2013-ல் 17 சதவீதம்! கிட்டத்தட்ட ஒன்பது வாரச் சம்பளம்!

வெயிட்ரோஸ் மளிகைக் கடைகளும் இவர்களுடையவைதாம், தெரியுமா? 1904-ல் ஆக்டனில் வெயிட், ரோஸ், டெய்லர் என்ற மூவர் தொடங்கியது அது. டெய்லர் விலகிக்கொண்டார், மற்ற இருவரின் பெயரும் ஒட்டிக்கொண்டு 'வெயிட்ரோஸ்' ஆனது. 1937-ல் வாங்கியபோது வெறும் 10 கடைகள், இன்று 300-க்கும் மேல்! 1940-ல் செல்ஃப்ரிட்ஜ் குழுமத்தின் வெளியூர்க் கடைகளும் வந்து சேர்ந்தன. நியூகாசிலில் 1838-ல் தொடங்கிய பெயின்பிரிட்ஜ் பின்னாளில் சேர்ந்தது. உலகின் முதல் பல்பொருள் அங்காடி அதுதான் என்று வாதிடுவோர் உண்டு.

1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடை எரிந்து எலும்புக்கூடானது. நிலவறையில் ஒதுங்கியிருந்த சுமார் 200 பேர் உயிர் பிழைத்தார்கள்! புதுக் கட்டடம் முழுதாக எழும்ப 1960 ஆனது. அதன் பக்கச் சுவரில் சிறகு விரித்து நிற்கும் உலோகச் சிற்பம் பார்பரா ஹெப்வொர்த் வடித்தது. 1963-லிருந்து தெருவில் போகிற எவரும் காசில்லாமல் பார்க்கலாம்.

எல்லாமே வளர்ச்சி என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2020, 2021 இரண்டே ஆண்டுகளில் 16 பெரிய கடைகள் மூடப்பட்டன. 2021-ல் போனஸ் இல்லை. 1953-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை! 2023, 2024, 2025-லும் இல்லை. வேறிடத்தில் அதே பொருள் மலிவாகக் கிடைத்தால் மீதியைத் திருப்பித் தருவோம் என்று 1925 முதல் கட்டிக்காத்த வாக்கை 2022-ல் கைவிட்டார்கள். 2024-ல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இணைய வியாபாரத்தோடு மோதுவது எளிதல்ல. ஆனாலும், கடையை வெளியாருக்கு இன்னும் விற்கவில்லை!

லண்டன் போனால் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அந்தக் கடைக்குள் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு கைக்குட்டை வாங்கினாலும் போதும். பில் போட்டுத் தருபவர் முகத்தை ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். அவரும் முதலாளிகளில் ஒருவர்!